ஆண்டீஸில் கூடாரத்தோடு ஒரு பருவம்: எது உழைத்தது, எது உழைக்கவில்லை

பெருவில் நடப்பதற்காகவே போகிறவர் மாச்சு பிச்சு பார்க்கப் போகிறவர்கள் இறங்கும் குஸ்கோவில் இறங்க வேண்டியதில்லை. லீமாவிலிருந்து வடக்கே ஓர் இரவுப் பேருந்து பிடித்தால் விடியும்போது உவாராஸ் என்ற மலையூரில் இருக்கலாம். மே முதல் செப்டம்பர் வரை நீளும் மழையில்லாப் பருவத்தின் பெரும்பகுதியை அங்கும், மீதியைக் குஸ்கோ பக்கமும் கழித்தேன். கூடாரம், அடுப்பு, அரிசி, பருப்பு எல்லாம் என் முதுகில்தான். குஸ்கோ 3,400 மீட்டர். உவாராஸ் 3,050 மீட்டர். இந்த வித்தியாசம் முதல் இரவிலேயே உடம்புக்குத் தெரியும். போதாக்குறைக்கு, வெப்பமண்டலத்தின் மிக உயர்ந்த பனித்தொடரான கோர்தியேரா பிளாங்கா ஊரின் தலைமாட்டிலேயே நிற்கிறது.

காலையில் வந்து இறங்கி மறுநாளே 4,600 மீட்டரில் இருக்கும் லகுனா 69 ஏரிக்கு வேனில் ஏறுகிறவர்களைப் பருவம் முழுக்கப் பார்த்தேன். ஏரியின் நீலத்தைப் பார்க்கிற நிலையில் அவர்களில் பலர் இல்லை. பாறையில் சாய்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். முதல் நான்கைந்து நாளை உயரத்துக்கே கொடுத்துவிடுங்கள். ஊரில் இரண்டு இரவு, பிறகு 3,700 மீட்டரில் இருக்கும் வில்கக்கோச்சா ஏரி வரை ஒரு நடை, அதற்குப் பிறகுதான் 69. மூவாயிரத்துக்கு மேல் போனபின், படுக்கிற இடம் ஒரு நாளைக்கு 300 முதல் 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் கணக்கு. பகலில் உயரப் போய்விட்டு இரவில் கீழே வந்து தூங்கலாம். உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை நம் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு, சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லி, வாங்கிக்கொண்டு போவது நல்லது. கோகா இலைத் தேநீர் குளிருக்கும் வயிற்றுக்கும் இதம். உயர நோய்க்கு அதை மருந்தாக நம்ப வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, அன்றிரவே கீழே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

முதல் நீள நடைக்கு சாந்தா குருஸ் பாதைதான் என் தேர்வு. சுமார் 50 கிலோமீட்டர். நான்கு நாளில் நிதானமாக முடிக்கலாம். வாக்கேரியாவில் தொடங்கிக் கஷபம்பாவில் முடித்தால் மொத்த ஏற்றம் குறைவு. நடுவில் புந்தா உனியோன் கணவாய், 4,750 மீட்டர். அங்கே மூச்சில் வரும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். பாறையில் வெட்டிய அந்த இடுக்கைத் தாண்டியதும் தவுயிராஹு சிகரமும் அதன் கீழ்ப் பச்சை ஏரியும் ஒரே வீச்சில் கண்ணில் படுகின்றன. இறங்கும் பள்ளத்தாக்கில் ஓரிடத்தில் புல்லே இல்லாமல் மணல்வெளி விரியும். 2012-ல் மேலே ஒரு பனியேரி உடைந்து வந்த வெள்ளம் விட்டுச்சென்றது அது. மூன்றாம் நாளை அவசரமாக முடிக்காமல் அல்பமாயோ அடிவார முகாமுக்குப் பிரியும் கிளைப்பாதையில் போய்வாருங்கள்.

இனிச் சமையல். நம்மவர்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. நாலாயிரத்துச் சொச்சத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு கேஸை எரித்தாலும் அதற்கு மேல் சூடேறாது. அதனால் துவரம்பருப்பு வேகாது, அரிசி நடுவில் நறுக்கென்று நிற்கும். முதல் நடைக்குப் பிறகு இரண்டையும் ஊரிலேயே விட்டுவிட்டேன். அவல், கினோவா, ஓட்ஸ், வறுத்த சோளமான கான்ச்சா, உவாராஸ் சந்தையின் பாலாடைக்கட்டி ஆகியவற்றில் பருவம் ஓடியது. இவை எல்லாவற்றையும்விட உழைத்தது மாச்சிகா. வறுத்த பார்லியை அரைத்த மாவு. நம் ஊர்ச் சத்துமாவு மாதிரியே இருக்கும். வெந்நீரும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டினால் காலை உணவு தயார். மலைமக்கள் காலங்காலமாகச் சாப்பிடுவது அது. சைவம் சாப்பிடுகிறவர்கள் இதை நம்பிப் போகலாம். கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது; மரையுள்ள குப்பிகள் உவாராஸிலும் குஸ்கோவிலும் கிடைக்கின்றன. இரவில் குப்பியை வெளியே விட்டால் காலையில் சுடர் சோம்பிவிடும். அதைப் படுக்கைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.

படுக்கைக்குள் போக வேண்டிய இன்னொரு பொருள் தண்ணீர் வடிகட்டி. பள்ளத்தாக்கெல்லாம் மாடு மேய்கிறது, ஆகவே ஓடை எவ்வளவு தெளிவாக ஓடினாலும் வடிகட்டாமல் குடிக்கக் கூடாது. ஆனால் இழைக்குழாய் வகை வடிகட்டி ஒரு முறை உறைந்தாலே உள்ளே விரிசல் விட்டுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜூன், ஜூலை இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகின்றன. குளோரின் மாத்திரை ஒரு பட்டையையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லீப்பிங் பேக்கில் மட்டும் காசு பார்க்காதீர்கள். உறையில் அச்சிட்ட இரண்டு வெப்ப எண்களில் ‘கம்ஃபர்ட்’ எண்ணையே நம்புங்கள். இறகு நிரப்பியது பருவம் முழுக்க நன்றாக உழைத்தது, வெயில் வந்ததும் அரை மணி நேரம் பாறையில் விரித்துக் காயவைத்தால் போதும். காற்றடைக்கும் மெத்தையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இச்சுப் புல்லின் நுனி ஊசியாகக் குத்தும். பழைய பாணி ஃபோம் பாயை எங்கு வேண்டுமானாலும் விரிக்கலாம். பூட்ஸின் அடி பிரிந்தபோது உவாராஸ் சந்தையோரம் செருப்புத் தைப்பவர் ஒருவர் பசை வைத்து, சுற்றிலும் தைத்துத் தந்தார். அந்தத் தையல் கடைசி வரை விடவில்லை.

நடைகளுக்கு இடையில் ஒரு நாளாவது யுங்காய் போய்வாருங்கள். 1970 மே 31 அன்று நிலம் அதிர்ந்து, உவாஸ்கரான் வடசிகரத்தின் பனியும் பாறையும் சரிந்து, நகரம் முழுவதும் புதைந்தது. அந்த நிலநடுக்கத்தில் பெருவில் இறந்தவர்கள் ஏறத்தாழ 70,000 பேர். கல்லறைக் குன்றின் மேல் ஓடி ஏறியவர்கள் பிழைத்தார்கள். இன்று அந்த இடம் ரோஜாத் தோட்டமாக இருக்கிறது. 6,768 மீட்டர் உயர உவாஸ்கரான் மலை அதே இடத்தில், வெள்ளைவெளேரென்று எதிரே நிற்கிறது. மலையழகை மட்டும் பார்க்க வந்தவர்களும் இதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது என் எண்ணம்.

குஸ்கோ பக்கம் போனால், மாச்சு பிச்சுவுக்கு நடந்துபோகும் இன்காப் பாதையை விட்டுவிடலாம். வழிகாட்டி கட்டாயம், சுமைதூக்கிகளையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்கே அனுமதி, பிப்ரவரியில் அடைத்துவிடுவார்கள். இன்காக்களின் இன்னொரு பழைய மலைநகரமான சோக்கெகிராவுக்குப் போகும் நடைக்கு இந்தக் கெடுபிடி இல்லை. ஆனால் அபுரிமாக் ஆற்றுக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்கி, அதே அளவு மறுகரையில் ஏற வேண்டும்; ஆற்றங்கரையில் வெயிலோடு கடிக்கும் பூச்சியும் உண்டு. ஏறி முடித்தால், படிக்கட்டு வயல்களின் கற்சுவரில் வெள்ளைக் கல் பதித்து உருவாக்கிய லாமாக்களைக் கூட்டமே இல்லாமல் நின்று பார்க்கலாம். மாச்சு பிச்சுவையும் பார்த்தேன். இரண்டில் மறுபடி போகச் சொன்னால் சோக்கெகிராவுக்குத்தான் போவேன்.

வய்வாஷ் மலைத்தொடரைச் சுற்றிவரும் நடை கடைசிக்கு. நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், எட்டு முதல் பன்னிரண்டு நாள், கணவாய்கள் பெரும்பாலும் 4,600-க்கு மேல். உடம்பு முழுதாகப் பழகிய பிறகே தொடுங்கள். வழியில் விகோங்கா வெந்நீர் ஊற்றில் ஒரு மாலை முழுக்கக் கிடந்தால் தோள் வலி இறங்கிவிடும். அந்த நிலம் மேய்ச்சல் சமூகங்களுடையது. ஒவ்வொரு எல்லையிலும் ஒருவர் வந்து கட்டணம் வாங்கி ரசீது தருவார். பேரம் பேசாதீர்கள். தங்கள் புல்லிலும் தண்ணீரிலும் நம்மைப் படுக்க விடுகிறவர்கள் அவர்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த இடத்தில் கேட்பார்கள். பெரிய நோட்டுக்கு மலையில் சில்லறை கிடைக்காது. உவாராஸில் புறப்படும்போதே பத்து, இருபது சோல் (பெருவின் நாணயம்) தாள்களாக மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.