பழைய கார்களின் பிரேக் பூஸ்டரைப் புதுப்பிக்கக் கொடுப்போர் கவனத்திற்கு

எங்களிடம் உள்ள 1963ஆம் ஆண்டு ஜாகுவார் மார்க் 2 காரின் பிரேக் பூஸ்டரை (பெடலை மிதிக்கும் விசையை எஞ்சினின் வெற்றிடத்தால் பெருக்கித் தரும் பாகம்) முழுமையாகப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லி, சென்னையின் மேற்குப் புறநகரில் உள்ள ஒரு பட்டறை 32,000 ரூபாய் பெற்றுக்கொண்டு, வெளிக்கூட்டுக்கு முலாம் பூசியதைத் தவிர உருப்படியாக எதையும் செய்யாமல் திருப்பிக் கொடுத்தது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. புதுப்பேட்டையிலும் ஜி.பி. சாலையிலும் பழைய கார்களுக்குப் பாகம் தேடி அலைபவர்களில் பலர் இதே வேலையை யாரிடமாவது ஒப்படைக்கக்கூடும் என்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

இந்த மாடல் 1959 முதல் 1967 வரை தயாரானது. நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் கொண்டது. டிரம் பிரேக்கில் சக்கரத்தின் சுழற்சியே முன் ஷூவை, அதாவது உள்ளிருந்து உரசும் பட்டையை, டிரம்மோடு இறுக்கி உதவி செய்யும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது என்பதால் பூஸ்டர் இல்லாவிட்டால் பெடல் கல்லாகிவிடும். அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பூஸ்டர் பெடலோடு ஒட்டியிராமல், தனியே ஓரிடத்தில் பொருத்தப்பட்டு, பெடல் மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரோடு குழாய் வழியே இணைந்திருக்கும். பிரேக் மிதிக்காதபோது, பூஸ்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வின் இரு புறமும் எஞ்சின் இழுக்கும் வெற்றிடம் நிலவும். மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தம் ஒரு சிறிய பிஸ்டனைத் தள்ளிக் காற்று வால்வைத் திறக்க, ஒரு புறம் மட்டும் வெளிக்காற்று நுழைந்து டயாஃப்ரத்தை நகர்த்தும். ஏழு அங்குல விட்டமுள்ள டயாஃப்ரமும், எஞ்சின் நிதானமாக ஓடும்போது கிடைக்கும் 18 அங்குலப் பாதரச அளவு வெற்றிடமும் இருந்தால், கிடைக்கும் தள்ளுவிசை ஏறக்குறைய 150 கிலோ. அந்த விசை தேவையான நேரத்தில் வராவிட்டால் ஆபத்து. வந்தபின் விலகாவிட்டாலும் ஆபத்து.

எங்கள் காரில் முதலில் தெரிந்த கோளாறு, பிரேக் ஆயில் குறைந்துகொண்டே போனதுதான். எந்தச் சக்கரத்திலும் கசிவில்லை, தரையில் ஒரு சொட்டுமில்லை, ஆனால் புகைக்குழாயில் வெள்ளைப் புகை வந்தது. பூஸ்டருக்குள் இருக்கும் சிலிண்டரில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் கப் தேய்ந்து, பிரேக் ஆயில் வெற்றிட அறைக்குள் கசிந்து, அங்கிருந்து எஞ்சினால் உறிஞ்சப்பட்டு எரிந்துகொண்டிருந்தது. வெற்றிடக் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது அதன் உட்புறம் ஈரமாக இருந்தது. இதற்கு மேல் சான்று தேவையில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது என்பதால், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரில், அதுவும் சென்னைக் கடற்காற்றில், இந்தச் சிலிண்டரின் உட்சுவர் அரித்துக் குழி விழுவது வழக்கம். அப்படிக் குழி விழுந்த சுவரில் எவ்வளவு நல்ல கப்பைப் போட்டாலும் சில மாதங்களில் கிழிந்துவிடும்.

இவை அனைத்தையும் பட்டறைக்காரரே எங்களுக்கு விளக்கினார் என்பதுதான் வேடிக்கை. சிலிண்டரைக் கடைந்து துருப்பிடிக்காத எஃகில் ஸ்லீவ் (உட்குழல்) போடுவதாகவும், இங்கிலாந்திலிருந்து வரவழைத்த முழு கிட்டையும் (மாற்று உட்பாகங்களின் தொகுப்பு) புதிய டயாஃப்ரத்தையும் பொருத்துவதாகவும், கடைசியில் வேக்குவம் பம்பில் வைத்துச் சோதித்துத் தருவதாகவும் சொன்னார். தொகையில் பாதியை முன்பணமாகவும் மீதியைப் பொருளைப் பெறும்போதும் செலுத்தினோம். திரும்பி வந்த பூஸ்டர் பொன்மஞ்சள் துத்தநாக முலாமில் நகைக்கடைப் பொருள்போல மின்னியது. பழைய பாகங்களைக் கேட்டதற்கு, குப்பையில் போட்டாகிவிட்டது என்றார்.

பொருத்திய பின் சில நாள்கள் எந்தத் தொல்லையும் தெரியவில்லை. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் அக்கரையைத் தாண்டிச் சென்றபோது, மிதித்த பிரேக் காலை எடுத்த பின்னும் விடவில்லை. கார் தானாகவே வேகம் குறைந்து, ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் முன் சக்கரங்களிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. எஞ்சினை அணைத்து, வெற்றிடக் குழாயைப் பூஸ்டரிலிருந்து கழற்றிய பின்னரே சக்கரங்கள் விடுபட்டன. குழாயைக் கழற்றினால் பிரேக் விடுகிறது என்றால், கோளாறு சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் இல்லை, பூஸ்டரின் காற்று வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பின்னால் ஒரு பேருந்து நெருங்கி வந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பிரேக் வேலையில் நீண்ட அனுபவமுள்ள இராயப்பேட்டை மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து, எங்கள் கண்முன்னே பிரிக்கச் செய்து, ஒவ்வொரு படியையும் படம் எடுத்தோம். ஸ்லீவ் எதுவும் போடப்படவில்லை; பழைய சுவரையே எமரி தாளால் தேய்த்திருந்தார்கள், குழிகள் விரல் நகத்தில் தட்டுப்பட்டன. டயாஃப்ரம் பழையதே, அதன் கிழிசலின் மேல் சைக்கிள் டியூபுக்கு ஒட்டும் பஞ்சர் ஒட்டு ஒட்டப்பட்டிருந்தது. கூட்டின் இரு பாதிகளும் சேரும் விளிம்பில் கசிவை மறைக்க கேஸ்கெட் பசையை அப்பியிருந்தார்கள். காற்று வடிகட்டி இருக்க வேண்டிய இடத்தில் வெட்டிய சோபா ஸ்பாஞ்சு இருந்தது. எல்லாவற்றையும்விட மோசமானது கிரீஸ். பிரேக் பாகங்களின் ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பருத்துவிடும் என்பதால், பிரேக்குக்கென்றே உள்ள ரப்பர் கிரீஸையோ சிலிக்கான் கிரீஸையோ மட்டுமே அங்கே பயன்படுத்த வேண்டும். இவர்கள் வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸைத் தடவியிருந்தார்கள். காற்று வால்வை இயக்கும் சிறு பிஸ்டனின் கப் அதனால் பருத்து, பிஸ்டனைத் தன் துளையிலேயே இறுகப் பிடித்துக்கொண்டது. பிரேக் விடாமல் போனதன் முழுக் காரணமும் அந்த ஒரு கப்தான். பழைய கப்பையே வைத்து எதையும் தடவாமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு ஆபத்து நேர்ந்திருக்காது என்று அந்த மெக்கானிக் சொன்னார். எனக்கும் அப்படியே தோன்றுகிறது.

படங்களைக் காட்டியபோது பட்டறைக்காரர், "பழைய வண்டின்னா இப்படித்தான் சார் இருக்கும், நீங்க வேற எங்கேயோ பிரிச்சிட்டு வந்து என்னைக் கேட்டா எப்படி?" என்றார். இன்னும் அழுத்திக் கேட்டதும், பூஸ்டரையே ஒதுக்கிவிட்டுக் குழாயை நேராக இணைத்துத் தருவதாகச் சொன்னார். குழாய் அளவில் அது முடியாத காரியமல்ல. ஆனால், ஒன்றரை டன் எடையுள்ள, நான்கு சக்கரமும் டிஸ்க் கொண்ட காரில், முழுப் பலத்தோடு மிதித்தால்தான் நிற்கும் என்ற நிலையை ஒரு தீர்வாக முன்வைப்பவரிடம் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

இந்த வேலையைக் கொடுப்பவர்கள், கூட்டை மூடுவதற்கு முன் உட்பாகங்களை நேரில் பார்க்க வேண்டும் என்பதை முன்பணம் தருமுன்பே நிபந்தனையாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்லீவ் போட்டதை விளக்கடித்துப் பார்த்தாலே தெரியும். கழற்றிய கப்களும் டயாஃப்ரமும் உங்கள் கைக்கு வர வேண்டும். மீதித் தொகையைக் காரில் பொருத்திச் சோதித்த பின்னரே கொடுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலைப் பலமுறை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்து, மிதித்தபடியே எஞ்சினை ஓடவிட்டால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர் உதவவில்லை. ஆனால் எங்கள் பூஸ்டரும் இந்தச் சோதனையில் தேறியிருந்தது. ஆகவே இதோடு நிறுத்தாமல், சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, எஞ்சின் ஓடும்போது ஒருவர் பிரேக்கை மிதித்து விட, இன்னொருவர் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பெடலை விட்ட உடனே சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும். ரப்பர் பருப்பதற்கு நாளாகும் என்பதால், சில வாரங்கள் கழித்து இதையே மீண்டும் செய்து பாருங்கள்.

கையால் எழுதிய சீட்டில் "பூஸ்டர் வேலை" என்று மட்டும் எழுதித் தருவதை ஏற்காமல், ஸ்லீவ், கிட், டயாஃப்ரம் என்று தனித்தனியாகக் குறித்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எங்களிடம் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய விலைப்பட்டியலும் யுபிஐ பரிமாற்றப் பதிவும் இருந்ததால்தான் புகார் நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முதலில் முறையிடலாம். பூஸ்டரை இப்போது இராயப்பேட்டை மெக்கானிக்கே ஸ்லீவ் போட்டு, சரியான கிட்டுடன் அமைத்துக் கொடுத்திருக்கிறார். கழற்றிய பஞ்சர் ஒட்டு டயாஃப்ரத்தையும், பருத்த கப்பையும் உறையிட்டு ஆணையத்தில் காட்டுவதற்காக வைத்திருக்கிறோம்.