இன்ஜின் எங்கே இருக்கிறது? கிரான் மேக்ஸும் என்வி200-உம்

மலேசியாவின் பிறையில் குடியிருந்து பினாங்குத் தீவில் வேலை பார்க்கும் ஒருவர், வாரம் முழுவதும் பினாங்குப் பாலத்தைக் கடக்கவும், எப்போதாவது தெலுக் பஹாங் பக்கமோ கெடாவின் சுங்கை செடிம் பக்கமோ இரவு தங்கவும் ஏற்ற சிறிய வேன் ஒன்றைத் தேடினால், பெரும்பாலும் டைஹட்சு கிரான் மேக்ஸ், நிசான் என்வி200 என்ற இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்பார். விலையைப் பேசுவதற்கு முன் இவற்றில் இன்ஜின் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது, ஏனெனில் மற்ற வேறுபாடுகளில் பாதி அதிலிருந்துதான் பிறக்கின்றன.

கிரான் மேக்ஸின் 1.5 லிட்டர் இன்ஜின் முன் இருக்கைகளுக்கு அடியில் அமர்ந்து பின்சக்கரங்களை இயக்குகிறது. அதனால் மூக்கு குட்டையாகி, மொத்த நீளம் 4,045 மில்லிமீட்டரில் அடங்கிவிடுகிறது. ஜார்ஜ் டவுனின் குறுகிய சந்துகளில் வண்டியை நிறுத்துபவருக்கு இது பெரிய வசதி. ஆனால் பாலத்தில் நெரிசல் பிடித்துவிட்டால் இருக்கைக்குக் கீழிருந்து சூடும் இரைச்சலும் மேலேறி வருகின்றன. இன்ஜினில் கை வைக்க வேண்டுமானால் இருக்கையைத் தூக்க வேண்டும் என்பதால், முகாமுக்குக் கிளம்பும் காலையில் அங்கே அடைத்து வைத்த சாமான்களையெல்லாம் முதலில் இறக்க வேண்டியிருக்கும்.

என்வி200-இன் 1.6 லிட்டர் இன்ஜின் முன்பக்கம் இருந்து முன்சக்கரங்களையே இயக்குகிறது. பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டு செல்லும் தண்டு இல்லாததால் தளம் தாழ்ந்து அமைந்திருக்கிறது, படுப்பதற்கும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம் கிடைக்கிறது. இதன் பயனை எங்கள் வீட்டில் நேரில் பார்த்தோம். முழங்கால் வலியுள்ள என் மாமியார் என்வி200-இன் பக்கக் கதவு விளிம்பில் தாமாகவே உட்கார்ந்து எழுந்தார். கிரான் மேக்ஸில் ஏறுவதற்கு ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட வேண்டியிருந்தது. ஏறக்குறைய 4,400 மில்லிமீட்டர் நீளம் கொண்ட இந்த வண்டி, பாலத்தின் மேல் ஓடும்போது ஓட்டுநருக்குக் காரின் நிதானத்தைத் தருகிறது. நனைந்த களிமண் சரிவில் மட்டும் நிலைமை தலைகீழாகிவிடும்: பின்புறம் சுமை ஏறிய நிலையில் முன்சக்கரங்கள் வழுக்கும் இடத்தில், அதே சுமை கிரான் மேக்ஸின் பின்சக்கரங்களுக்குப் பிடிப்பைக் கூட்டும். தோட்டப் பாதைகளில் அடிக்கடி இறங்குபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இரண்டிலும் ஐந்து கியர் கொண்ட மேனுவல் வண்டியை எடுத்தால், மாலை நெரிசலில் இடது காலுக்கு ஓய்வே இருக்காது. கூரையில் பெட்டி ஏற்றாதவரை உயரம் இரண்டு மீட்டரைத் தாண்டாது என்பதால், பேரங்காடிகளின் அடித்தள நிறுத்துமிடங்களுக்குள் பொதுவாகச் சிக்கலின்றி நுழையலாம்.

இரவு தங்குவதில் பெரிய எதிரி மழையைவிடப் புழுக்கம்தான். சாமான் ஏற்றுவதற்கான இந்தப் பேனல் வேன்களின் பின்பகுதியில் ஜன்னல் இல்லை; குளிரூட்டிக்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரையே பறித்துவிடலாம். முன் ஜன்னல்களைச் சற்றே இறக்கி, கொசுவலை கட்டி, பேட்டரியில் ஓடும் சிறு மின்விசிறியை வைத்துக்கொள்வதே பாதுகாப்பான வழி. பக்கத் தகட்டை வெட்டி ஜன்னல் பொருத்தவோ கூடுதல் இருக்கை போடவோ விரும்பினால், ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் வாகனச் சோதனையும் தேவைப்படும். அனுமதி பெறாமலேயே செய்து தருகிறேன் என்று ஒரு பட்டறைக்காரர் என்னிடமும் சொன்னார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

பேனல் வேனில் இரண்டே இருக்கைகள் என்பதால், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்ல வேண்டிய குடும்பத்துக்கு இரண்டுமே பொருந்தா. அவர்கள் ஏழு பேர் அமரும் பெரோடுவா அல்சாவை வாங்கிக்கொண்டு, முகாமுக்கு ஒரு கூடாரத்தைக் கட்டி எடுத்துச் செல்லலாம். வீட்டில் இன்னொரு கார் இருப்பவர்களுக்கு நான் என்வி200-ஐத்தான் சொல்வேன். நானும் பழையதாக ஒன்று பார்த்து வாங்கி, வரிவரியாக இருந்த இரும்புத் தளத்தின் மேல் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை அறுத்துப் பொருத்திவிட்டேன். மாமியார் இன்னும் அந்தக் கதவு விளிம்பில் உட்கார்ந்துதான் தேநீர் குடிக்கிறார்.