பைதன் சொக்கெட்டின் நேரவரம்பு: குளக்கட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

ஒட்டுசுட்டான் பக்கத்துச் சிறுகுளம் ஒன்றின் நீர்மட்டத்தை அளந்து, மாங்குளத்தில் கமக்காரர் அமைப்பின் கணினிக்கு அனுப்பும் நிரலைப் பைதனில் எழுதிப் பராமரிப்பவன் என்ற முறையில், அம்மொழியோடு வரும் சொக்கெட் நூலகத்தை, அதாவது வலையமைப்பில் இரு கணினிகள் பேசிக்கொள்ளும் இணைப்புமுனையை (சொக்கெட்) கையாளும் ஆயத்த நிரல் தொகுப்பை, இங்கு மதிப்பிடுகிறேன். இயங்குதளங்கள் மூன்று: குளக்கட்டில் லினக்ஸ், அலுவலகத்தில் விண்டோஸ், என் கையில் மக் மடிக்கணினி.

மறுமுனைக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற நேரவரம்பை நாம் வைக்காவிட்டால் நூலகம் முடிவின்றிக் காத்திருக்கும். கடந்த மாரியில் ஒரு நாள் சிக்னல் இடையில் அறுந்தபோது, மறுமுனை போய்விட்டதை அறியாத நிரல் விடியும்வரை வாசிப்பிலேயே நின்றது. குளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, திரையில் மாலை 6.10க்குப் பதிவான 7 அடி 2 அங்குலம் அசையவே இல்லை. நீர்மட்டத்தை நம்பி வயலுக்குப் போகிறவர்களுக்கு இது சிறிய விடயமல்ல.

இணைப்பு ஏற்படுத்துவதை இயங்குதளத்தின் போக்கிலேயே விட்டால், பதிலளிக்காத முகவரிக்காக விண்டோஸ் சுமார் 21 செக்கன்களும், மக் 75 செக்கன்களும், லினக்ஸ் ஏறத்தாழ 127 செக்கன்களும் முயன்ற பின்னரே கைவிடும். நேரவரம்பை வைக்கும் நூலகக் கட்டளையான செட்டைம்அவுட்டில் 10 என்று கொடுத்தாலோ மூன்றிலும் 10 செக்கன்தான். சொக்கெட்டைக் காத்திராத நிலைக்கு மாற்றிவிட்டு, காத்திருப்பைப் பைதன் தானே கணக்கிடுவதால் இந்த ஒருமை கிடைக்கிறது. நூலகத்தின் பெரிய பலமாக நான் கருதுவது இதையே.

சொக்கெட்டின் அமைப்புகளை நேரடியாக மாற்றும் செட்சொக்ஆப்ட் கட்டளை வழியாக இயங்குதளத்தின் சொந்த வரம்பை வைக்கும் குறுக்குவழியை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். லினக்ஸும் மக்கும் செக்கன், மைக்ரோசெக்கன் என இரு எண்களை எதிர்பார்க்க, விண்டோஸ் ஒரே எண்ணை மில்லிசெக்கனில் எதிர்பார்க்கிறது; 5 செக்கன் என்று நினைத்துக் கொடுத்த 5, அங்கே கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். அதோடு, வரம்பு கடந்ததும் லினக்ஸில் எழுவது நேரம் கடந்ததைச் சொல்லும் டைம்அவுட் பிழையல்ல, ‘காத்திராமல் இதைச் செய்ய முடியாது’ என்னும் பிளொக்கிங்ஐஓ பிழை.

பைதனின் 3.10ஆம் பதிப்பிலிருந்து நூலகத்தின் சொக்கெட் டைம்அவுட் பிழையும் மொழியின் பொதுவான டைம்அவுட்எரர் பிழையும் ஒன்றாகிவிட்டன. நேரம் கடந்ததற்கு இயங்குதளங்கள் தரும் பிழை எண்களான லினக்ஸின் 110, மக்கின் 60, விண்டோஸின் 10060 ஆகியனவும் அதே பெயரிலேயே வருவதால், பிழையைப் பிடிக்க ஒரே எக்செப்ட் வரி போதும்.

இரு குறைகள் எஞ்சுகின்றன. கணினியின் பெயரை எண் முகவரியாக மாற்றும் தேடலுக்குச் செட்டைம்அவுட் வரம்பு பொருந்தாது. வாசிப்பில் அது ஒவ்வோர் அழைப்புக்கும் தனித்தனியே எண்ணப்படுவதால், துளித்துளியாக வரும் தரவு மொத்த நேரத்தை இழுத்துக்கொண்டே போகலாம். ஆகவே குளக்கட்டு நிரலில் பெயருக்குப் பதில் எண் முகவரியை இட்டு, மொத்தத்துக்கு 30 செக்கன் என்ற தனிக் கணக்கையும் எழுதியிருக்கிறேன்.