கூட்டைப் பிரிக்க இராணி அறைக்குக் காத்திருப்பதா, முந்திக்கொள்வதா?

போன மாசியில் தெஹிவளை வளவில் எங்கள் தேன்பெட்டி நிரம்பி, வாசலில் தேனீ தாடிபோலத் தொங்கியது. "தம்பி, அது எங்கட கூரைக்குத்தான் வரப்போகுது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. பிரித்தே ஆக வேண்டும். எப்படி என்பதுதான் கேள்வி.

முதல் வழி சுலபம். முட்டையும் இளம்புழுவும் உள்ள வதைகளை (தேனடைகளை) இரண்டு பெட்டிக்கும் பாதி பாதியாகப் பங்கிட்டுவிட்டால், இராணி இல்லாத பாதி தானே ஒன்றை வளர்த்துக்கொள்ளும். இராணியைத் தேட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் போதும். மற்றது, கூடு தானாகவே இராணி அறை, அதாவது புது இராணி வளரும் அறை, கட்டும்வரை பார்த்திருந்து பிரிப்பது. நான் இரண்டாவதின் பக்கம்.

காரணம் ஒன்றுதான்: இராணி இல்லாத நாட்கள். முட்டையிலிருந்து இராணி வெளிவர ஏறத்தாழ 16 நாள். இளம்புழுவில் தொடங்கினாலும் 12 நாள் போகும். அப்புறம் வெளியே பறந்து இணைசேர்ந்து முட்டையிட இன்னும் ஒரு கிழமைக்கு மேல். மூடப்போகும் இராணி அறையோடு பிரித்தால் முதல் கட்டம் ஏறத்தாழ ஒரு கிழமையில் முடிந்துவிடும். ஐந்தாறு நாள்தானே என்று தோன்றும். ஆனால் நம் இந்தியத் தேனீ மேல்நாட்டுத் தேனீயைப்போலப் பொறுத்திருக்காது. இராணி இல்லையென்றால் வேலைக்காரத் தேனீக்களே சீக்கிரம் முட்டையிடத் தொடங்கிவிடும். முந்தைய வருடம் ஆனி மழையில் பாதியாகப் பிரித்த பெட்டியில் அதைத்தான் பார்த்தேன்: ஒரே அறையில் மூன்று நான்கு முட்டை, அடியில் இல்லாமல் சுவரில் ஒட்டியபடி. அந்தக் கூட்டைக் காப்பாற்ற முடியவில்லை. இன்றைக்கும் மனம் கேட்கவில்லை.

எப்போது என்பதை ஆண் தேனீ சொல்லும். அதன் அறை மூடியில் ஊசி குத்தியதுபோல ஒரு துளை இருக்கும். அவை பொரித்து வெளியே திரிந்தால்தான் புது இராணிக்குத் துணை. அதன் பிறகு நாலு நாளுக்கொரு தடவை வதையின் கீழ் விளிம்பைப் பாருங்கள். இராணி அறை மூடப்படும் சமயத்தில் பழைய இராணி கூட்டத்தோடு கிளம்பிவிடும். அதற்குமுன் அவளை மூன்று வதையோடு புதுப்பெட்டிக்கு மாற்றுங்கள். வெளியே போன தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பும், ஆகவே புதுப்பெட்டியில் இன்னொரு வதைத் தேனீயை உதறிவிடுங்கள். பழைய பெட்டியில் நல்ல அறை இரண்டு போதும், மற்றதை வெட்டிவிடலாம். முனையில் மெழுகு உதிர்ந்து பழுப்பாகத் தெரிந்தால் இராணி வரப்போகிறாள்.

நான் இப்படிப் பிரித்தது மூன்று தடவைதான், மூன்றும் தை முதல் பங்குனிக்குள், மழை குறைந்த நாட்களில். பெட்டியை அடிக்கடி திறக்க முடியாதவர்கள் பாதியாகவே பிரிக்கலாம். மூன்றாம் கிழமை முடிய முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே மற்றப் பெட்டியிலிருந்து முட்டை வதை ஒன்றைக் கொடுங்கள்.