பையில் மால்ட், பானையில் கரண்ட்: புதுச்சேரியில் ஒரு மின்கெட்டில் அனுபவம்

புதுச்சேரியில் மது மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக, பியரை வீட்டிலேயே காய்ச்சிக் குடிக்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 1970ஆம் ஆண்டின் கலால் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். நான் எழுதப்போகும் 35 லிட்டர் மின்கெட்டில் (அடியில் ஹீட்டர் பொருத்திய பானை), உரிமம் பெற்ற ஒரு சிறு பியர் கூடத்தில் இருப்பது. புதிய கலவையைப் பெரிய கொப்பரையில் ஏற்றும் முன் சிறிய அளவில் காய்ச்சிப் பார்ப்பதற்காக வாங்கினோம். அந்த வேலை என் பொறுப்பு. வாங்கி இரண்டு கோடை தாண்டிவிட்டது. வீட்டில் காய்ச்ச அனுமதி உள்ள நாடுகளில் இருக்கும் நம்மவர்களுக்கும் இது பயன்படலாம்.

முறை எளிமையானது. ஆஸ்திரேலியாவில் வீட்டில் பியர் காய்ச்சுபவர்கள் பரப்பியது. உடைத்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) வலைப்பையில் போட்டு, தேவையான தண்ணீர் முழுவதையும் ஒரே பானையில் ஊற்றி, 65 முதல் 68 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். பிறகு பையைத் தூக்கிவிட்டு, அதே பானையில், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைக்க வேண்டும். வடிகட்டத் தனிப் பானை கிடையாது, அடுப்பு கிடையாது.

கரண்டைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஹீட்டர் 2.5 கிலோவாட். 230 வோல்ட்டில் ஏறத்தாழ 11 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி செருகும் பிளக்கில் இதைச் செருகக் கூடாது, 16 ஆம்பியர் பிளக் வேண்டும். பொருத்த வந்த எலக்ட்ரீஷியன் இருந்த ஒயரைப் பார்த்துவிட்டு, "கீசருக்குப் போட்ட லைன் இது சார். கீசர் பத்து நிமிடத்தில் அணைந்துவிடும், உங்கள் பானை அரை நாள் எரியுமே" என்றார். பழைய ஒயரை உருவிவிட்டு 4 சதுர மில்லிமீட்டர் ஒயரைத் தனியாக இழுத்தார். கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் மாட்டினார். ஈரத்தரையில் நின்றுகொண்டு உலோகப் பானையைக் கையாளும் வேலை இது. எர்த்தும் ஆர்சிசிபியும் இல்லாத இடத்தில் இந்தக் கெட்டிலை நான் தொடவே மாட்டேன்.

வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்குள் எஸ்எஸ்ஆர் என்று ஒரு மின்னணு ஸ்விட்ச் இருக்கிறது. அது கெட்டுப்போனால் பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே நின்றுவிடும். நாம் 67 என்று வைத்திருந்தாலும், ஹீட்டர் பாட்டுக்கு எரிந்துகொண்டே போகும். அதனால் கையெட்டும் உயரத்தில் தனி மெயின் ஸ்விட்ச் அவசியம்.

மே மாத மாலைகளில் எல்லா ஏசியும் ஓடும்போது வோல்டேஜ் 200 வரை இறங்குவதுண்டு. வோல்டேஜ் எட்டில் ஒரு பங்கு குறைந்தால் சூடும் அவ்வளவுதான் குறையும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. திறன் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 2500 வாட் ஹீட்டர் 1900 வாட்டுக்கும் கீழே போய்விடும். மால்ட் சாறு தளதளவென்று கொதிக்காமல் ஓரத்தில் மட்டும் முனகிக்கொண்டிருக்கும். கொதி பலமாக இல்லாவிட்டால், வேகவைத்த மக்காச்சோள வாடை பியரில் தங்கிவிடும். நாங்கள் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுகிறோம்.

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால், ஊறும் நேரத்தில் சூடு குறையாமலிருக்க பம்ப் வைத்துச் சாற்றைச் சுழலவிட வேண்டும் என்பார்கள். இந்த ஊருக்கு அது வீண் செலவு. அறையே 32 டிகிரியில் இருக்கிறது. ஹீட்டரை அணைத்து, மூடிவைத்து, கெட்டிலைக் கம்பளியால் சுற்றிவிட்டால் ஒரு மணி நேரத்தில் இரண்டு டிகிரி இறங்குவதே அபூர்வம். இடையில் இரண்டு முறை துடுப்பால் கிளறிவிட்டால் போதும். பம்பில் ஆபத்தும் உண்டு. அது வேகமாக இழுத்தால் பை, ஹீட்டருக்கு மேலிருக்கும் துளைத்தட்டில் ஒட்டிக்கொள்ளும். தட்டுக்குக் கீழே சாறு வற்றி ஹீட்டர் வெறுமனே எரியும்.

பை நன்றாக உழைக்கிறது. பாலியஸ்டர் வலை, இன்னும் ஒரு தையல்கூடப் பிரியவில்லை. ஐந்து கிலோ மால்ட் நனைந்து மேலே வரும்போது எட்டு கிலோவுக்கு மேல் கனக்கும், அதுவும் கை பொசுக்கும் சூட்டில். உத்தரத்துக் கொக்கியில் கப்பி மாட்டித்தான் தூக்குகிறோம். முதலில் மாட்டிய இரும்புக் கப்பி ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உப்புக்காற்றும் பானையின் நீராவியும் சேர்ந்து, கயிற்றை இழுக்கும்போது துருப்பொடி நேராகப் பானைக்குள் உதிரத் தொடங்கியது. இப்போது ஸ்டெயின்லெஸ் கப்பி, நைலான் கயிறு. கெட்டிலும் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான், ஆனாலும் வெல்டிங் ஓரங்களில் பழுப்புத் திட்டுகள் வருகின்றன. சிட்ரிக் அமிலக் கரைசலில் துடைத்தால் போய்விடும். பிளீச்சிங் பவுடர் பக்கம் போகவே கூடாது. குளோரைடு ஸ்டெயின்லெஸ்ஸைக் குழிகுழியாக அரித்துவிடும்.

ஹீட்டர்மேல் ஒவ்வொரு முறையும் பழுப்பு ஏடு படியும். பால் அடிப்பிடித்த பாத்திரம் போலச் சுரண்டினால் கீறல் விழும், அடுத்த முறை அதே இடத்தில் இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். வெந்நீரில் வாஷிங் சோடா போட்டு ஊறவிட்டால் தானே உரிந்துவிடும். போர்வெல் தண்ணீரில் காய்ச்சியபோது சுண்ணாம்பும் சேர்ந்து படிந்தது. ஆர்ஓ தண்ணீருக்கு மாறி, அளவாகக் கால்சியம் குளோரைடு சேர்க்கத் தொடங்கியபின் அந்தத் தொல்லை இல்லை.

காய்ச்சி முடிக்க ஆறு யூனிட் போலச் செலவாகிறது. அதுவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் பாடு. கொதித்த சாற்றை 20 டிகிரிக்கு விரைவாக இறக்கி ஈஸ்ட் போட வேண்டும். கெட்டிலோடு தந்த குளிர்ச்சுருள் அருமையான வேலைப்பாடு. ஆனால் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே கோடையில் 35 டிகிரி. சாறு 40ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். அதனால் முதலில் குழாய்த் தண்ணீரால் 45 வரை இறக்குகிறோம். பிறகு தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வாங்கி வந்த ஐஸை ஒரு டப்பில் உடைத்துப் போட்டு, சின்ன சப்மெர்சிபிள் பம்பால் அந்தத் தண்ணீரைச் சுருளுக்குள் ஓடவிடுகிறோம். அந்த ஐஸ் சாற்றில் படாது, சுருளுக்குள் மட்டும்தான். 22 லிட்டரை 45இலிருந்து 20க்கு இறக்கக் கணக்குப்படி 7 கிலோ ஐஸ் உருக வேண்டும். டப்பிலும் வழியிலும் வீணாவதையும் சேர்த்து அதற்கு மேல்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஐஸ் கிடைக்காத நாளுக்கு நார்வேயின் க்வெய்க் ஈஸ்ட் கைகொடுக்கும். 35 டிகிரியிலும் கோணாமல் புளிக்கவைக்கும். ஆனால் எல்லா வகைப் பியருக்கும் அது பொருந்தாது.

வாங்க நினைப்பவர்களுக்கு: 3 கிலோவாட்டுக்கு மேல் போகாதீர்கள், வீட்டு பிளக் தாங்காது. புளூடூத், செயலி என்று கூடுதல் விலை சொல்லும் மாடல்களை ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பணத்தில் ஒரு பழைய ஃப்ரிட்ஜும் தெர்மோஸ்டாட்டும் வாங்கி நொதிக்கும் கலனை உள்ளே வைக்கலாம். ஹீட்டர் நுழையும் துளையில் இருக்கும் சிலிகான் வாஷரை மட்டும் உதிரியாக இரண்டு வாங்கி வையுங்கள். அது இறுகிப்போய்ச் சொட்டத் தொடங்கினால் ஆர்சிசிபி டிரிப் ஆகும், அதுவும் மால்ட் பாதி ஊறிக்கொண்டிருக்கும்போது.