டர்பனில் கார் டயர் மாற்றுதல்: சாட்ஸ்வொர்த் கடை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

ஒரு டயர் கடையை எடைபோட, அங்கே எத்தனை நிறுவனங்களின் டயர்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பதைவிட, கடைக்காரர் நம் பழைய டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்துகளைப் படித்துவிட்டு விலை சொல்கிறாரா, படிக்காமலேயே சொல்கிறாரா என்று பார்ப்பது நல்லது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஹிக்கின்சன் நெடுஞ்சாலைக்கு அருகே நான் அண்மையில் டயர் மாற்றிய கடை இந்த முதல் சோதனையில் தேறியது; பிற சிலவற்றில் தேறவில்லை.

என் பழைய கொரோல்லாவின் டயரில் 195/65 ஆர்15 91எச் என்று இருக்கிறது. 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது டயரின் பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இவற்றைப் பலரும் அறிவார்கள். கவனிக்கப்படாமல் போவது கடைசியில் உள்ள 91எச்தான். 91 என்றால் அந்த ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை அதற்குத் தகுதி உண்டு. வேறொரு கடையில் 195/60 டயரைக் காட்டி, விலை குறைவு, இதே ரிம்மில் கச்சிதமாக உட்காரும் என்றார்கள். உட்காரும்தான். ஆனால் அந்த அளவில் வழக்கமாகக் கிடைக்கும் டயரின் சுமை எண் 88, அதாவது 560 கிலோ. விட்டமும் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் குறைவதால், வேகமானி 100 காட்டும்போது கார் உண்மையில் 97 அளவில்தான் ஓடும். குடும்பத்தோடும் மூட்டைகளோடும் என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி ஜொஹானஸ்பர்க் போகிறவர்கள், சுமை எண் குறைந்த டயரை எந்தத் தள்ளுபடிக்காகவும் ஏற்கக் கூடாது என்பது என் கருத்து.

சாட்ஸ்வொர்த் கடையில் முதலில் அளவுகோல் கொண்டு வரிப்பள்ளங்களின் ஆழத்தைப் பார்த்தார்கள். முன் டயர்கள் இரண்டிலும் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே மிச்சம் இருந்தது. தென்னாப்பிரிக்கச் சாலை விதிகள் ஒரு மில்லிமீட்டர் வரை அனுமதிக்கின்றன; பள்ளத்துக்குள் குறுக்காக இருக்கும் தேய்மானக் கட்டையோ 1.6 மில்லிமீட்டரிலேயே மேற்பரப்போடு சமமாகிவிடும், அப்படிச் சமமான டயரையும் விதிகள் ஏற்பதில்லை. ஆனால் டர்பனின் கோடை மழையில் என்2 சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது அந்த ஆழம் எதற்கும் பற்றாது. தண்ணீரை வெளியேற்ற வழியில்லாத டயர் சாலையை விட்டு எழும்பி நீர்மேல் மிதக்கத் தொடங்கும். அதன் பிறகு பிரேக்கும் ஸ்டீயரிங்கும் நம் பேச்சைக் கேட்காது. ஆகவே மூன்று மில்லிமீட்டரில் மாற்றிவிடுவதே இவ்வூருக்குப் பொருந்தும்.

இரண்டு டயர்களை மட்டுமே வாங்கினேன். அவற்றை எங்கே பூட்டுவது என்பதில்தான் கடைக்காரரோடு சற்று வாதாட நேர்ந்தது. முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார் என்பதால் புதியவற்றை முன்னால் போடுவதே முறை என்றார். உலகெங்கும் டயர் நிறுவனங்கள் பரிந்துரைப்பது இதற்கு நேர்மாறானது. ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போக முனையும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின்சக்கரம் வழுக்கினால் காரின் வால் பக்கவாட்டில் வீசி வண்டி சுழன்றுவிடும்; பழக்கமில்லாத ஓட்டுநரால் அதைத் திருத்த முடியாது. எனவே ஆழமான வரிகள் உள்ளவை பின்னால் இருக்க வேண்டும். கடைக்காரர் முழு மனதோடு ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆயினும் கேட்டபடியே நல்ல நிலையில் இருந்த பின் டயர்களை முன்னால் மாற்றி, புதியவற்றைப் பின்னால் பூட்டிக் கொடுத்தார்.

நிறுவனத் தேர்வில் நான் அதிக நேரம் செலவிடவில்லை. நம் மாகாணத்தின் லேடிஸ்மித்தில் சுமிட்டோமோ ஆலையில் தயாராகும் டன்லப்பை எடுத்தேன். விலை குறைந்த சீன டயர்களும் இருந்தன. மலிவு விலையில் இறக்குமதி செய்து சந்தையில் குவிப்பதற்கு எதிரான வரி 2023இல் விதிக்கப்பட்ட பின்னும் அவை சந்தையை விட்டுப் போய்விடவில்லை. எந்த நிறுவனமாயினும் தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் வாங்குவது தவறு. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டு வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இந்தக் கடையின் ஆகச் சிறந்த பண்பு இதில்தான் வெளிப்பட்டது. டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே, நான் கேட்காமலே, அந்த எண்ணைக் காட்டினார்கள். தெருவோரத்தில் விற்கும் பழைய டயர்களில் பளபளப்பாகக் கறுப்பு பூசப்பட்டிருக்கும். அந்த எண்ணைத் தேடிப் பார்த்தால் ரப்பர் இறுகிப்போன வயது தெரியவரும்.

இனி குறைகள். நைட்ரஜன் நிரப்பத் தனிக் கட்டணம் சொன்னார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் இருப்பதால் வேண்டாம் என்றேன். பழைய டயர்களை அப்புறப்படுத்தவும் ஒரு தொகை பில்லில் ஏறியிருந்தது. 2017 முதல் டயரின் எடைக்கேற்பக் கழிவுத் தீர்வை விதிக்கப்படுகிறது. அது நாம் கொடுக்கும் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று எடுத்துச் சொன்ன பிறகு அத்தொகையை நீக்கிவிட்டார்கள். கேட்காதவர்களிடம் அது அப்படியே வசூலாகியிருக்கும் என்பதால், இதைச் சிறு குறையாக நான் கொள்ளவில்லை.

சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் பேலன்சிங்கும், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டும் செம்மையாகச் செய்யப்பட்டன. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு குழிகளில் விழுந்து எழும் கார்களைப் பார்த்துப் பழகிய கைகள் அவை. காற்றழுத்தத்தை மட்டும் எல்லா வண்டிகளுக்கும் ஒரே அளவில் அடிக்கிறார்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அட்டவணையைக் காட்டி, அதில் குறித்துள்ள அளவைக் கேட்டு வாங்க வேண்டும். சக்கர நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பின் மறுபடி முறுக்கிப் பார்க்க இலவசமாகவே அழைக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் கூட்டம் நெரிகிறது. வார நாளில் போவது உத்தமம்.