புராணக்கதை பிடிச்சவங்களுக்கு ஏதென்ஸ்ல ஒரு சூப்பர் தோட்டம்

ஏதென்ஸ் போனா டியோமிடிஸ் தாவரவியல் தோட்டத்துக்கு அரை நாள் ஒதுக்கிடுங்க. ஐகாலியோ மலையடிவாரத்துல ஹைடாரி ஏரியால இருக்கு, கிரீஸ்லயே பெரிய தாவரவியல் தோட்டம் இதுதான். பழைய கிரேக்க நூல்கள்ல வர்ற செடிகளுக்குன்னே தனிப் பகுதி வச்சிருக்காங்க பாருங்க, எனக்கு உயிரே அங்கதான்.

லாரல் இலைய லேசா கசக்கி மோந்து பாருங்க, அப்படி ஒரு வாசனை. கிரேக்கக் கடவுள் அப்போலோ துரத்த துரத்த ஓடி, தப்பிக்க வழியில்லாம மரமாவே மாறின வனதேவதை டாஃப்னேதான் இது, கிரேக்கர்கள் இன்னிக்கும் இந்த மரத்தை டாஃப்னின்னுதான் சொல்றாங்க, பொண்ணுங்களுக்கும் அந்தப் பேரு வைக்கறாங்க. ஆனா 1753ல தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் டாஃப்னேங்கற பேர வேற ஒரு செடி இனத்துக்குக் குடுத்துட்டாரு, அது விஷச்செடி, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. நம்ம பிரிஞ்சி இலையும் வேற மரம்தான், அது லவங்கப்பட்டை இனம்.

காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியோட மிர்ட்டில் செடியையும் விடாதீங்க, மிர்ட்டோன்னு அங்க பொண்ணுங்களுக்குப் பேரே உண்டு. ஹயாசிந்த் கதை இன்னும் சோகம், அப்போலோ எறிஞ்ச வட்டு பட்டு செத்துப்போன ஸ்பார்ட்டா பையன் அவன், ரத்தத்துல பூத்த பூவுக்கு அவன் பேரு, ஜசிந்தாங்கற பேரும் அதுல இருந்து வந்ததுதான்.

இந்தக் கதைகளைப் படிச்சிட்டுப் போனா ஒவ்வொரு செடிகிட்டயும் நின்னு நின்னுதான் நகருவீங்க. வசந்த காலம் பெஸ்ட். அப்படியே பக்கத்துல டாஃப்னி மடாலயத்தையும் பாத்துடுங்க, பழைய அப்போலோ கோயில் இருந்த இடம், 11ஆம் நூற்றாண்டு மொசைக் ஓவியம் எல்லாம் அவ்ளோ அழகு.